கோடெக்கின் கணக்கு வேறு, பழைய விளையாட்டின் கணக்கு வேறு: லினக்ஸ் பென் டிரைவில் எதைச் சேர்க்கலாம்?

வியாசர்பாடியில் மாலை நேர டியூஷன் மையம் ஒன்றுக்கு, ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினிகளைச் சீர்செய்து லினக்ஸ் நிறுவிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கல்வித் தொலைக்காட்சியின் அறிவியல் பாடம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தாள். படம் வரவில்லை. எச்.264 ஹை ப்ரொஃபைல் டிகோடர் தேவை, ஆனால் அது நிறுவப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி மட்டும் திரையின் நடுவில் வந்து நின்றது. "அண்ணா, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று அவள் கேட்டாள். கணினியில் பழுது ஏதும் இல்லை. நான் தேர்ந்தெடுத்திருந்த லினக்ஸ் வழங்கல், சட்டக் காரணங்களுக்காக அந்த டிகோடரை, அதாவது எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் நிரலை, வேண்டுமென்றே விலக்கி வைத்திருந்தது. அதே மாலையில் மையத்தை நடத்தும் ஆசிரியர், மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு சிடியை எடுத்து நீட்டினார். உறை முழுவதும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ், ரோட் ராஷ் என்று பெயர்கள் நெருக்கி அச்சிடப்பட்டிருந்தன. "பசங்க சனிக்கிழமை விளையாடட்டும் சார், எல்லா மெஷின்லயும் ஏத்திடுங்க" என்றார்.

இரண்டுமே நியாயமான கோரிக்கைகள். அடுத்த தொகுதிக் கணினிகளுக்காக நாங்கள் ஒரு நிறுவல் பென் டிரைவைத் தயாரிக்கிறோம். எங்கள் குழுவில் இருப்பவர்கள் அதைப் பிரதியெடுத்து வேறு மையங்களுக்கும் கொண்டுபோவார்கள். அதில் கோடெக்குகளையும் (வீடியோவையும் ஒலியையும் சுருக்கவும் விரிக்கவும் செய்யும் நிரல்கள்) பழைய விளையாட்டுகளையும் எந்த வழியில் சேர்ப்பது, எவற்றைச் சேர்க்காமல் விடுவது என்பதே நாங்கள் எடுக்க வேண்டியிருந்த முடிவு. அதற்காகப் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்த்ததையும், அதில் எனக்குத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே வேலையைச் செய்பவர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'எல்லாம் காப்பிரைட் பிரச்சினை' என்று அவர்களில் பெரும்பாலோர் ஒதுக்கிவிடுவதும், 'யார் கேட்கப் போகிறார்கள்' என்று எல்லாவற்றையும் அடைத்துக் கொடுத்துவிடுவதும் எனக்குக் கவலை தருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியில் ஒரு காரணமும் உண்டு. பாடலைத் திருடினார்கள் என்ற செய்தியிலும் காப்புரிமை என்றே எழுதுகிறோம். மஞ்சளுக்கு அமெரிக்காவில் யாரோ உரிமை வாங்கினார்கள் என்ற செய்தியிலும் காப்புரிமை என்றே எழுதுகிறோம். முதலாவது பதிப்புரிமை, ஒருவர் படைத்த குறிப்பிட்ட படைப்பைப் பிரதியெடுப்பதற்கான உரிமை அது. இரண்டாவது பேட்டன்ட், ஒரு வேலையைச் செய்யும் முறைக்கே கிடைக்கும் உரிமை அது. நிரலை நாமே முதல் வரியிலிருந்து சொந்தமாக எழுதினாலும் பேட்டன்ட் குறுக்கே நிற்கும், பதிப்புரிமை நிற்காது. எச்.264 டிகோடரில் இருக்கும் சிக்கல் பேட்டன்ட். ரோட் ராஷ் சிடியில் இருக்கும் சிக்கல் பதிப்புரிமை. ஆகவே இக்கட்டுரையில் இந்த இரு சொற்களையும் பிரித்தே எழுதுகிறேன்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் எங்கள் திட்டத்தை விளக்கினேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: "பிரதி எடுக்கிறது யாருங்க? நீங்களா, வாங்குறவங்களா?" எங்கள் ஒப்பீடு முழுவதும் கடைசியில் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

கோடெக்: பேட்டன்டின் பக்கம்

பேட்டன்டுக்கு ஆயுள் குறைவு. இந்தியச் சட்டத்திலும் பெரும்பாலான நாடுகளிலும், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். எம்பி3 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லாண்டுகளாக எம்பி3-ஐத் தொடாமல் இருந்த ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல், 2016 நவம்பரில் எம்பி3 பாடல்களை இயக்கும் வசதியைச் சேர்த்தது. ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்ததும் எம்பி3 ஆக்கும் வசதியையும் சேர்த்தது. டிவிடிகளில் உள்ள எம்பெக்-2 முறைமீதான அமெரிக்கப் பேட்டன்ட்டுகள் 2018 பிப்ரவரியோடு தீர்ந்தன. எச்.264-இன் முதல் வடிவம் வெளியானது 2003 மே மாதத்தில். அதன் அடிப்படை முறைகள்மீதான உரிமைகளில் பெரும்பகுதி காலாவதியாகிவிட்டது. பின்னாளில் சேர்த்த பகுதிகள்மீது அமெரிக்காவில் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2013-இல் வந்த அடுத்த தலைமுறை முறையான எச்.265-க்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமக் கூட்டமைப்புகள் (பலருடைய பேட்டன்ட்டுகளுக்குச் சேர்த்து உரிமம் தருபவை) தனித்தனியே கட்டணம் கேட்டுவந்தது கூடுதல் தலைவலி.

இந்தியாவில் மென்பொருள் பேட்டன்டே கிடையாது, ஆகவே நமக்குக் கவலையில்லை என்று கட்டற்ற மென்பொருள் வட்டாரங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். இது பாதி உண்மை. பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் (கே) உட்பிரிவு, கணிதமுறை, வணிகமுறை, அல்காரிதம் ஆகியவற்றோடு 'தன்னளவில் கணினி நிரல்' என்பதையும் கண்டுபிடிப்பு அல்ல என்று ஒதுக்குகிறது. 2004-இல் ஓர் அவசரச் சட்டம் இந்த விலக்கைத் தளர்த்தப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. ஆனால் 'தன்னளவில்' என்ற ஒரு சொல்லுக்குள் பெரிய வாசல் திறந்திருக்கிறது. நிரலால் ஒரு தொழில்நுட்ப விளைவு உண்டாகுமானால் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று ஃபெரித் அல்லானி வழக்கில் 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. டிவிடி பிளேயரில் தரவைப் பிரித்தெடுக்கும் முறைமீதான பேட்டன்டுக்காக ஃபிலிப்ஸ் நிறுவனம் அதே நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடியது. கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் அலுவலகத்தில் வீடியோ சுருக்க முறைகளுக்கு விண்ணப்பமே வராது என்று நம்பிக்கொண்டு திட்டமிட முடியாது. இங்கே ஆபத்து குறைவு என்று சொல்லலாம். இல்லவே இல்லை என்று சொல்லக் கூடாது.

இந்தப் பின்னணியில் முதல் வழி, உரிமம் வாங்கிக் கோடெக்கைப் பென் டிரைவிலேயே சேர்ப்பது. எச்.264 உரிமக் கூட்டமைப்பின் விதிப்படி ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகளுக்குக் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 50 லட்சம் வரை பிரதி ஒன்றுக்கு 20 அமெரிக்க சென்ட். எங்களைப் போன்ற குழு அந்த எல்லையை எட்டவே போவதில்லை என்பதால் இது இலவசம்போலவே தோன்றும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. பிரதிகளை எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும், ஆனால் நாங்கள் கொடுத்ததை இன்னொருவர் பிரதியெடுத்துக் கொண்டுபோகலாம் என்பதே எங்கள் திட்டத்தின் உயிர். மேலும், ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் 7-ஆம் பிரிவு, பெறுபவர்கள் எல்லோரும் கட்டணமின்றி மறுவிநியோகம் செய்ய முடியாதபடி ஒரு பேட்டன்ட் உரிமம் தடுக்குமானால் அந்த நிரலை நீங்கள் விநியோகிக்கவே கூடாது என்கிறது. எச்.264 வீடியோவை உருவாக்கும் எக்ஸ்264 போன்ற ஜிபிஎல் நிரலுக்கு உரிமக் கூட்டமைப்பிடம் நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு வாங்கினால், ஒரு பக்கம் பேட்டன்ட் சரியாகி மறுபக்கம் ஜிபிஎல் முறிந்துபோகும். ஃப்ளூயெண்டோ போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்ற கோடெக்குகளை விற்கின்றன. கணினியோடு சேர்த்து விற்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு எச்சரிக்கையை இடையில் சொல்லிவிட வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ-ஒலி மென்பொருளை மூலநிரலிலிருந்து நாமே தொகுக்கும்போது, ஒலித்தரம் நன்றாக இருக்கும் என்று ஃபிரான்ஹோஃபரின் ஏஏசி ஒலி நூலகத்தை ஜிபிஎல் பகுதிகளோடு இணைப்பவர்கள் உண்டு. அப்படித் தொகுப்பதற்கு 'நான்ஃப்ரீ' என்ற தேர்வை நாமே இயக்க வேண்டும்; அதில் கிடைக்கும் கோப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எஃப்எஃப்எம்பெக்கே தெளிவாகச் சொல்கிறது. சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். அதே கோப்பைப் பென் டிரைவில் போட்டால் பேட்டன்ட் ஒருபுறம் இருக்க, பதிப்புரிமை மீறலே ஆகிவிடும்.

இரண்டாவது வழி, ஃபெடோராவைப் போலக் கண்டிப்பாக இருப்பது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆதரவில் இயங்கும் திட்டம் என்பதால் அதற்கு வேறு வழியில்லை. 2022-இல் அவர்கள் மீசா வரைகலை இயக்கியில் எச்.264, எச்.265 ஆகியவற்றுக்கான வன்பொருள் முடுக்கத்தையும் நீக்கினார்கள். அதனால் ஏஎம்டி வரைகலைச் சில்லு உள்ள கணினிகளில், சில்லால் செய்ய முடிந்த வேலையையும் மையச் செயலியே சுமக்க நேர்ந்தது. விடுபட்டவற்றை ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியம் தருகிறது. இந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி ஒரு நிறுவனம் எடுத்த முடிவை, வியாசர்பாடியில் இருக்கும் ஒரு பிள்ளையின் பாடத்துக்கு அளவுகோலாக வைக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

மூன்றாவது வழி, பயனரே நிறுவும் நேரத்தில் இறக்கிக்கொள்ளும்படி விடுவது. உபுண்டுவில் 'ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற பொதி இப்படித்தான் மல்டிவர்ஸ் என்ற களஞ்சியப் பகுதியிலிருந்து வருகிறது. லினக்ஸ் மின்ட் முன்பு கோடெக்குகளை ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பிலேயே வைத்துக் கொடுத்தது. 2016-இல் 18-ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுத்தி, நிறுவும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்தால் இறங்கும்படி மாற்றிக்கொண்டது. சிஸ்கோவின் ஓப்பன்எச்264 இந்த வகையில் மிகத் தெளிவான ஏற்பாடு: அந்த நிறுவனமே உரிமக் கட்டணத்தைச் செலுத்துகிறது, ஆனால் தொகுத்த கோப்பு சிஸ்கோவின் சர்வரிலிருந்து நேரே பயனரின் கருவிக்கு இறங்க வேண்டும், இறங்கும் முன் வேறு எந்த மென்பொருளோடும் சேர்க்கப்பட்டிருக்கக் கூடாது. வழக்கறிஞர் நண்பரின் கேள்விக்கு இது நேரடியான பதில். ஆனால் எங்கள் மையத்தில் இருக்கும் இணைய வசதி ஆசிரியரின் கைபேசி ஹாட்ஸ்பாட் ஒன்றுதான். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே இறக்க அவருடைய தினசரி டேட்டா போதாது. ஒருமுறை இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்து எல்லாவற்றுக்கும் போடலாம் என்றால், அந்த நொடியிலேயே பிரதி எடுப்பவர்கள் நாங்கள் ஆகிவிடுகிறோம்.

நான்காவதாக, கோடெக்கை விட்டுவிட்டுப் பாடத்தையே மாற்றுவது. விபி9, ஏவி1 என்ற வீடியோ முறைகளுக்கும் ஓபஸ் என்ற ஒலி முறைக்கும் கட்டணம் இல்லை என்று அவற்றை உருவாக்கியவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஏவி1 நம் பழைய கணினிகளுக்குக் கனம். விபி9 சிறிய அளவில் ஓடும். இந்த வழியை நான் மிகவும் விரும்பினேன், ஒரு வார இறுதி முழுவதும் செலவிட்டும் பார்த்தேன். சில பாடங்களை மாற்றுவதற்கே என் கணினி இரவெல்லாம் இரைந்தது. அதைவிட முக்கியமாக, பேட்டன்டிலிருந்து தப்பப் போய் பதிப்புரிமைக்குள் காலை விடுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பாடத்தின் புதிய பிரதியை உருவாக்குவது நாங்கள் அல்லவா? கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ பிரதியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதையே தன்னார்வலர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து மொத்தமாகச் செய்வது அதே விலக்குக்குள் வருமா என்பது தனிக் கேள்வி. மாற்றும் கருவியைக் கணினியில் வைத்து, தேவைப்படும் பாடத்தை ஆசிரியரே மாற்றிக்கொள்ளச் செய்வதே இதில் ஒழுங்கான முறை.

மிஞ்சுவது டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல். டெபியனின் 'மெயின்' களஞ்சியத்திலேயே எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. அதன் நூலகம் எச்.264-ஐ எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் இயக்கும். பேட்டன்டால் கட்டுண்டது என்று தெரிந்த மென்பொருளை விநியோகிப்பதில்லை என்பது அந்தத் திட்டத்தின் கொள்கை. அதே சமயம், உரிமை கோரப்படலாம் என்ற ஊகத்தை வைத்து முன்கூட்டியே எல்லாவற்றையும் வெட்டி எறிவதும் இல்லை. சென்னை சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான் என்பதால், நம் ஊர் அரசு அலுவலகங்களுக்கும் இது அந்நியமான அடித்தளம் அல்ல. டெபியனைப் பின்பற்றுவது சட்டக் கேடயம் ஆகாது. அவர்கள் கொடுத்ததை மறுவிநியோகம் செய்யும்போது பொறுப்பு எங்களுடையதும்தான். அந்த நூலகத்தில் எச்.265 இயக்கும் பகுதியும் சேர்ந்தே இருக்கிறது. அதை மட்டும் வெட்டி எடுக்க வேண்டுமானால் நாங்களே மறுதொகுப்பு செய்து, ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போதும் மீண்டும் தொகுக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவால் அதை ஓராண்டுகூடத் தொடர்ந்து செய்ய முடியாது. திருத்தம் ஏறாத வீடியோ நூலகம் பிள்ளைகளின் கணினிகளுக்கு உண்மையான ஆபத்து. ஆகவே டெபியன் தருவதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

டிவிடி

டிவிடியில் படங்களுக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் நூலகம் பேட்டன்டும் அல்ல, சாதாரணப் பதிப்புரிமையும் அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. நோக்கத்தை முக்கியமாக்கியிருப்பதால், 1998-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தைவிட இது நிதானமானது. காசு கொடுத்து வாங்கிய டிவிடியை வீட்டில் பார்ப்பவர் இதனால் அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் வாசிப்பு. ஆனால் அதே பிரிவில், பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவுகிறவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. கைமாறிப் போகும் பென் டிரைவுக்கு இந்தப் பதிவேட்டை யார் எழுதி வைப்பது? டெபியனும் அந்த நூலகத்தைத் தன் களஞ்சியத்தில் வைப்பதில்லை. 'லிப்டிவிடி-பேக்கேஜ்' என்ற சிறு பொதி, மூலநிரலை விடியோலேன் தளத்திலிருந்து பயனரின் கணினிக்கு இறக்கி அங்கேயே தொகுக்கிறது. தேவைப்படுபவர் அதைத் தாமே இயக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

பழைய விளையாட்டு: பதிப்புரிமையின் பக்கம்

விளையாட்டுக்கு வந்தால் காத்திருப்பதில் பயனே இல்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989-இல் வெளிவந்தது. இந்தியச் சட்டத்தில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. ஆசிரியர் வாழும் காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் அதற்குப் பாதுகாப்பு. ஆசிரியர் பெயர் தெரியாத படைப்பு என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும், வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள், அதாவது 2049 முடிவு வரை. எச்.264-க்கு ஐந்தாண்டு பொறு என்று சொல்லலாம். விளையாட்டுக்கு அப்படிச் சொன்னால் இப்போது ஆட விரும்பும் பிள்ளைகள் பாட்டி தாத்தா ஆகிவிடுவார்கள்.

முதல் வழி, மூர் மார்க்கெட் சிடியை அப்படியே ஏற்றுவது. 'அபான்டன்வேர்', கைவிடப்பட்ட மென்பொருள், என்ற சொல் பரவலாக இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. விற்காமல் விட்டதால் உரிமை போய்விடாது. தெரிந்தே திருட்டுப் பிரதி நிரலைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் 2004-இல் சேர்த்த வீடியோ திருட்டுப் பிரிவு சினிமாவுக்கானது, விளையாட்டுக்கு வராது. ஆனாலும் திருட்டு சிடி என்றால் பர்மா பஜாரையும் சோதனையையும் உடனே நினைக்கும் ஊரில், ஒரு டியூஷன் ஆசிரியரை அந்த நிழலில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

கைவிடப்பட்ட விளையாட்டை ஏன் உரிமையாளரே மறுபடி வெளியிடுவதில்லை என்ற கேள்விக்கு ரோட் ராஷ் ஒரு பதில். தொண்ணூறுகளின் இறுதியில் சென்னைப் பிரவுசிங் சென்டர்களில் மணிக் கணக்கில் காசு கொடுத்து நாம் ஆடிய அந்த வடிவத்தில், சவுண்ட்கார்டன் போன்ற ராக் குழுக்களின் பாடல்கள் உரிமம் பெற்றுச் சேர்க்கப்பட்டிருந்தன. நிரல் ஒருவருடையது, ஓவியம் இன்னொரு வகைப் படைப்பு, இசை மூன்றாவதாக வேறொருவருடையது. ஒரு விளையாட்டு என்று நாம் சொல்வது பல உரிமைகளின் கூட்டுக் குடும்பம். ஒருவர் சம்மதித்தாலும் மற்றவர் சம்மதம் தனியே வேண்டும். அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டது. அந்த இழப்பு என்னையும் வருத்துகிறது. நம் சட்டத்தில் பாதுகாப்புக்காகப் பிரதியெடுக்கப் பொது நூலகங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது நூலகத்திடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்கும் படைப்புக்குத்தான். பிறப்பிலேயே டிஜிட்டலான விளையாட்டு அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்குக் கட்டாய உரிமம் கேட்க 31ஏ பிரிவு வழி தருகிறது. அதற்கு முதலில் நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுத்து, பிறகு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2021 வரை இத்தகைய விண்ணப்பங்களை விசாரித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் நம் அண்ணா சாலையிலேயே இருந்தது. இப்போது அதுவும் கலைக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சனிக்கிழமை விளையாட்டுக்காக யாராலும் இதைச் செய்ய முடியாது.

இரண்டாவது, உரிமையாளரே இலவசமாகத் திறந்துவிட்டவை. இதில் 'இலவசம்' என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் தட்டிப் பார்க்க வேண்டும். பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003-இலும், ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயீன் 2004-இலும், மறுவிநியோகம் செய்யலாம் என்ற தெளிவான அனுமதியோடு வெளியிடப்பட்டன. பழைய கதை விளையாட்டுகளை இயக்கும் ஸ்கம்விஎம் மென்பொருள் வழியாக இவை இன்றும் ஓடுகின்றன. டூம் விளையாட்டின் முதல் அத்தியாயம் ஷேர்வேர். பகிரலாம், மாற்றக் கூடாது. அதனால்தான் டெபியன் அதை 'நான்-ஃப்ரீ' பகுதியில் வைக்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் ஆப்பிள் கணினி மூலநிரலை அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் 2012-இல் பொதுவில் வைத்தார். படிக்கலாம், ஆராயலாம், ஆனால் அந்த விளையாட்டின்மீது எந்த உரிமையும் தரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நிரல் கண்ணுக்குத் தெரிவதும் நமக்கு உரிமை கிடைப்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, பழைய விளையாட்டின் எஞ்சினும் (விளையாட்டை இயக்கும் நிரல்) புதிதாக வரைந்த கட்டற்ற தரவும் (படங்கள், ஒலிகள்). எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஓப்பன்டிடிடி 2010-இல் வெளியான 1.0 பதிப்பு முதல், பழைய டிரான்ஸ்போர்ட் டைக்கூனின் ஒரு கோப்புகூட இல்லாமல், தன்னார்வலர்கள் வரைந்த படங்களோடும் அமைத்த ஒலிகளோடும் முழுமையாக ஓடுகிறது. டூமின் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியாகி, 1999-இல் ஜிபிஎல் ஆனது. அதற்கு ஃப்ரீடூம் என்ற தரவுத் தொகுப்பு இருக்கிறது, வன்முறை கருதிப் பிள்ளைகளுக்கு அதை நாங்கள் வைக்கவில்லை. ரயில் பாதை போட்டு, நிலையம் கட்டி, நஷ்டக் கணக்குப் பார்க்கும் ஓப்பன்டிடிடியை ஆசிரியரே முதலில் உட்கார்ந்து ஆடி, மறுநாள் வட்டிக் கணக்கை அதை வைத்தே நடத்தினார்.

நான்காவது, சொந்த சிடி வைத்திருப்பவர் அதிலிருந்து தானே பொதியை உருவாக்கிக்கொள்வது. டெபியனின் 'கேம்-டேட்டா-பேக்கேஜர்' இதற்கென்றே எழுதப்பட்டது. என் அண்ணன் கல்லூரி நாட்களில் வாங்கிய க்வேக் விளையாட்டு சிடி, கீறல் விழுந்த பெட்டியோடு பரணில் கிடந்தது. அதைப் போட்டு இந்தக் கருவியை இயக்கினேன். அது சிடியிலிருந்து தேவையான கோப்புகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணையும் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, கடைசியில் ஒரு டெப் கோப்பை (டெபியனில் நிறுவக்கூடிய பொதி) என் வீட்டுக் கோப்புறையில் வைத்தது. எஞ்சின் டெபியனிடமிருந்து, தரவு என் வீட்டு சிடியிலிருந்து. சட்டப்படி கையில் உள்ள நிரலை அது வழங்கப்பட்ட நோக்கத்துக்காகப் பிரதியெடுப்பதையும், சொந்தமாகச் சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து வணிகமல்லாத தனிப்பட்ட பயனுக்குப் பிரதியெடுப்பதையும் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த டெப் கோப்பை நான் டியூஷன் மையத்துக்குக் கொடுத்தால் விலக்கு அங்கேயே அறுந்துவிடும்.

எஞ்சின்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பேஸ் கேடட் பின்பால் விளையாட்டை 2021-இல் ஒருவர் கட்டவிழ்த்து, மூலநிரலாகத் திருப்பி எழுதி, எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். ஜிடிஏ 3-க்கும் அதேபோல் 'ரீ3' வந்தது. தரவுக்கு உங்கள் சொந்த சிடி வேண்டும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனாலும் ஜிடிஏவின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021 பிப்ரவரியில் ரீ3-ஐ கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்திலிருந்து நீக்கச் செய்து, செப்டம்பரில் வழக்கும் தொடுத்தது. அசல் நிரலைக் கட்டவிழ்த்து வரிக்கு வரி திருப்பி எழுதினால், அது அசலின் தழுவலே என்று வாதிட இடம் இருக்கிறது. டூமைப் போல உரிமையாளரே மூலநிரலைத் திறந்துவிட்டதற்கு அந்தச் சிக்கல் கிடையாது. மேலே ஒட்டப்பட்ட எம்ஐடி சீட்டை மட்டும் பார்த்து எஞ்சினை ஏற்காமல், அது எப்படி எழுதப்பட்டது என்பதையும் கேட்டுத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

எங்கள் பென் டிரைவில் இப்போது இருப்பவை

டெபியன் 'மெயின்' களஞ்சியம், அதிலுள்ள எஃப்எஃப்எம்பெக் அப்படியே. மூன்றாம் தரப்புக் களஞ்சியம் எதுவும் முன்கூட்டியே சேர்க்கப்படவில்லை. டிவிடி பூட்டுக்கான பொதியின் பெயரும் இயக்கும் முறையும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பாக இருக்கின்றன, பொதி இல்லை. பாடங்களை மாற்ற ஆசிரியருக்கு ஒரு சிறு நிரல். விளையாட்டில் ஓப்பன்டிடிடி, மறுவிநியோக அனுமதிக் கடிதம் உள்ளேயே இருக்கும் இரண்டு ஸ்கம்விஎம் கதைகள், சொந்த சிடி உள்ளவருக்கு கேம்-டேட்டா-பேக்கேஜர். ஒவ்வொரு பொதிக்கும் அதன் உரிமக் கோப்பையும், அதை எங்கிருந்து எந்தத் தேதியில் எடுத்தோம் என்பதையும் ஒரு விரிதாளில் எழுதி வைத்திருக்கிறோம்; நாளை யாராவது கேட்டால் நினைவிலிருந்து பதில் சொல்லும் நிலை வரக் கூடாது.

இந்தப் பென் டிரைவை எந்த விலைக்கும் விற்பதில்லை என்றும் தீர்மானித்தோம். டெபியனை விற்கலாம், ஆனால் அந்தக் கதை விளையாட்டுகளின் அனுமதி, அவற்றைத் தனியே விலை வைத்து விற்க இடம் தரவில்லை. பென் டிரைவின் விலையைக்கூட வாங்காமல், காலி பென் டிரைவைக் கொண்டுவருபவருக்கு ஏற்றித் தருகிறோம்.

மூர் மார்க்கெட் சிடியை ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்தேன். காரணத்தை உட்கார்ந்து விளக்கினேன். முகம் சற்று வாடினாலும் கேட்டுக்கொண்டார். இன்னும் முடிவாகாதது ஒன்றுதான். பெற்றோர் கைபேசியில் எடுத்துவரும் பள்ளி விழா வீடியோக்கள் இப்போது எச்.265-இல் வருகின்றன, எங்கள் கணினிகளில் அவை திறக்கின்றன, ஆனால் திக்கித் திக்கி ஓடுகின்றன. அவற்றைக் கைபேசியிலேயே எச்.264-க்கு மாற்றி அமைக்கச் சொல்லும் குறிப்பை, படங்களோடு, இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.